கொழுந்துத் தராசில் ஏறிய கப்பல்கள்

நீதான் சாத்தினாய். காற்று சாத்தியது, மேலே இருப்பவன் சாத்தச் சொன்னான், சாப்பாட்டு வேளை வந்துவிட்டது என்று நீ எந்தக் கதையை வேண்டுமானாலும் இழுத்துவிடு, ஆனால் அந்த முகாம் சன்னலின் பலகைக் கதவை இழுத்து மூடியது உன் கை, அதற்குள்ளே மாட்டிக்கொண்டு நசுங்கியது என் தம்பி வீரமலையின் கை. நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு உன்னை ஐயா என்று கூப்பிட்டேன். இன்றைக்கு நீ எனக்கு நீதான்.

கப்பலில் வந்து இறங்கியவர்கள் நாங்கள். தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, எத்தனை பேரை நீ வைத்துக்கொள் எத்தனை பேரை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டு அரசாங்கமும் எங்களைக் கேட்காமலே பேசி முடித்த பேரத்தில் இந்தப் பக்கமாக விழுந்தவர்கள். முகாமில் முதல் வேலை, இலங்கை ரூபாயைக் கொடுத்து இந்திய ரூபாயாக மாற்றுவது. சன்னலுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் ஒரு தேய்ந்த பலகை. அந்த மாதம் சரிக்குச் சரி. அங்கே ஒன்று, இங்கே ஒன்று. நான் நாலு பேரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் மாற்றிக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு வரிசை என்றாலே ஆகாது. என் தம்பி மரியாதைக்காரன். அவன் முறை வந்தபோது பணத்தைப் பலகை மேல் வைத்து உன் பக்கமாகத் தள்ளினான். நீயும் தொட்டாய். தொட்டுவிட்டு, "சாப்டுட்டு வரேன், எடு கையை" என்று திருப்பித் தள்ளிச் சாத்தினாய். நீ மீன்குழம்பு சாப்பிட்டு ஏப்பம் விட்டுத் திரும்பி வருவதற்குள் கொழும்பில் எவனோ கையெழுத்துப் போட்டு, இலங்கை ரூபாய் குப்புற விழுந்து, தந்தி வந்து, நீ சன்னலில் புதுச் சீட்டு ஒட்டினாய். நூறு கொடுத்தால் ஐம்பது சொச்சம். எழுபத்தேழு, கார்த்திகை பிறந்த சமயம். வீரமலையின் பெண்டாட்டி பாக்கியம் நிறைமாத வயிற்றோடு அந்த மணலில் உட்கார்ந்து, "அதே சன்னல், அதே ஆள், அதே பணம், எப்படி அண்ணே பாதியாவும்?" என்று உன்னைத்தான் கேட்டாள். நீ காதில் பென்சிலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாய்.

சந்தையில் வளர்ந்தவள் நான். வாழைத்தாரோ மாடோ மூக்குத்தியோ, பணம் எதிராளி பக்கம் போய் அவன் தொட்டுவிட்டால் பேரம் முடிந்தது. அதற்கப்புறம் வானம் இடிந்தாலும் அந்த விலைதான் விலை. இதைச் சட்டம் படித்தவன் எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை, வாங்கிய அடிகள் சொல்லித் தந்தன. இந்த நியாயத்தை வைத்துக்கொண்டுதான் இப்போது பேசுகிறேன்.

எங்களை மலைக்கு ஏற்றினார்கள். தேயிலை தெரிந்தவர்கள் என்பதால் தேயிலைக்கே. ரோட்டோரமாக முதல் கப்பல்காரர்கள் வீடு கட்டினார்கள், அவர்களுக்கு மேலே அடுத்த கப்பல், அதற்கும் மேலே அதற்கடுத்தது, இப்படியே சரிவு முழுக்கக் கப்பல் கப்பலாக ஏறி, கடைசிக் கப்பலில் வந்தவர்கள் மேகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு எல்லாரும் ஒன்றுதான், சிலோன்காரங்க. நாங்கள் கொழுந்து பறித்தோம், சீட்டுப் பிடித்தோம், மாரியம்மனுக்குத் தேர் இழுத்தோம், சண்டை போட்டோம், சம்பந்தம் செய்தோம், பாக்கியத்தின் வயிற்றில் இருந்தது தவமணி என்ற பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் ஆனது. வருஷங்கள் மலையில் மழை போவது மாதிரி சத்தமாக வந்து சுவடில்லாமல் போயின.

அப்புறம் ஒரு சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை, எங்கள் கொழுந்தை வாங்கி ஃபேக்டரிக்கு ஏற்றுகிற ஏஜெண்ட் குப்புராஜ் வழக்கம் போல லாரியின் பின்பக்கம் கம்பித் தராசைத் தொங்கவிட, வழக்கம் போல எல்லாரும் சாக்கைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்ட, தராசு எங்கள் கப்பல்களை எடைபோட ஆரம்பித்தது.

வீரமலை மாட்டிய சாக்கு பாதிதான் காட்டியது. பிதுங்கப் பிதுங்க அடைத்த சாக்கு. குப்புராஜ் தராசைத் தட்டினான். கழற்றி மாட்டச் சொன்னான். அதே பாதி. சரி, உள்ளே காற்றுப் புகுந்திருக்கும் என்று சாக்கைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தான், கொழுந்து கொழுந்தாகத்தான் இருந்தது. அடுத்து சன்னாசிக் கிழவர் மாட்டினார். அறுபத்தேழில், இலங்கைக் காசு கனமாக இருந்த காலத்தில், அங்கத்து நூறை நீட்டினால் இங்கே நூற்றைம்பதுக்கு மேல் எண்ணி வைத்த காலத்தில், எல்லாருக்கும் முன்னால் வந்தவர் அவர். அரைச் சாக்குக் கொழுந்து, நாட்டுச்சாராயம் குடித்த கை நடுங்க நடுங்க மாட்டினார். ஊசி ஒரே தாவாகத் தாவி, உள்ளதற்கு மேல் பாதி கூடக் காட்டி நின்றது. எழுபதை ஒட்டி வந்தவர்கள் மாட்டினால் கால் பங்கு கூடுதல். என்னைப் போல, சரிக்குச் சரி இருந்த நாட்களில் மாற்றிக்கொண்டவர்கள் மாட்டினால் உள்ளது உள்ளபடி. நீ ஒட்டிய சீட்டுக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பாதி. எண்பத்துநாலில் கடைசிக் கப்பலில் வந்து மேகத்துக்குள் உட்கார்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

"இதென்னடா, தராசுக்குப் பைத்தியம் புடிச்சுருச்சா?" என்றான் குப்புராஜ்.

"தராசுக்கு இல்லீங்க. ரூவாய்க்கு" என்றார் சன்னாசி. "எனக்கு அன்னிக்கு என்ன குடுத்தானோ அதத்தான் காட்டுது."

யாரும் அலறவில்லை. அலறுகிற ஜனமாக இருந்தால் கடலில் பாதியிலேயே அலறியிருப்போம். அடுத்த நாள் காலை டீக்கடையில் பேச்செல்லாம் இதுதான், ஆனால் பேச்சில் ஆச்சரியம் இல்லை, கணக்குத்தான் இருந்தது. கொழுந்தை யார் பறித்தார்கள் என்பதைத் தராசு கேட்கவில்லை, யார் கொக்கியில் மாட்டினார்கள் என்பதைத்தான் கேட்டது என்று மூன்றாம் வீட்டு ராமாயி கண்டுபிடித்துச் சொன்னதும், மேகத்துக்காரர்கள் பறிக்க, சாக்கு சரிவில் கை மாறிக் கை மாறி இறங்கி வர, கீழே சன்னாசிக் கிழவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்ச் சாக்கையெல்லாம் மாட்டினார். வாழ்க்கையில் எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று பெண்டாட்டி விரட்டிவிட்ட மனிதருக்கு, இடது பக்கம் ஒருத்தி வெற்றிலை மடிக்க வலது பக்கம் ஒருத்தி முறுக்கு நீட்டினாள். பெண் பார்க்க வருகிறவர்கள் சாதகம் கேட்பதற்கு முன்னால் எந்தக் கப்பல் என்று கேட்டார்கள். கடையில் அரிசி நிறுக்கும்போது அரைக்காரர்கள் கையை நீட்டி, நாங்களே தட்டில் கொட்டிக்கொள்வோம் என்று அடம் பிடித்தார்கள், ஏனென்றால் அவர்கள் கொட்டினால் அரிசி ஏறிக்கொண்டே இருக்கும், முள் ஏறாது. கடைக்காரர் ஒரே வாரத்தில் விவரம் தெரிந்து, "கப்பல்காரங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கவும்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். கோயமுத்தூரிலிருந்து பொருளாதாரம் படித்த ஒரு வாத்தியார் வந்து, எங்களை வருஷ வாரியாகச் சரிவில் நிற்கவைத்து ஒவ்வொருவரையும் எடை மிஷினில் ஏற்றி, "அருமை, அருமை, புத்தகத்துல இருக்கிற ரூபாய் மதிப்புக் கோடு அப்படியே நிக்குது!" என்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். ஆம், மனிதர்களுக்கும் அப்படித்தான் காட்டியது. மாட்டுக்கொட்டகைத் தூண் மாதிரி இருக்கிற என் தம்பி மிஷினில் ஏறி நின்றால், பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை.

"அக்கா, எனக்கு ஒண்ணும் வலிக்கல. வுடு" என்றான் அவன்.

"உனக்கு வலிக்காதுடா. சன்னல்ல கை நசுங்குனப்பவே 'வலிக்கலீங்க ஐயா'ன்னவன்தானே நீ."

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் உன் சன்னலில் நிற்கவில்லை, மிஷினில் ஏறினால் உள்ளது உள்ளபடி. ஒருத்தியைத் தவிர. தவமணி. இங்கேதான் பிறந்தாள், இந்த மலையில்தான் பல் முளைத்தது, ஆனால் நீ பாதியாக்கியபோது அவள் பாக்கியத்தின் வயிற்றுக்குள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பிறக்காத பிள்ளையையும் சேர்த்துத்தான் நீ மாற்றியிருக்கிறாய். அவள் எடையும் பாதி.

அந்தத் தவமணி இப்போது மாசமாக இருந்தாள்.

அதற்கப்புறம் காலனியில் ஒரே கேள்விதான். பாக்கியத்தின் வயிறு வழியாக தவமணிக்கு வந்தது, தவமணியின் வயிறு வழியாக இன்னும் கீழே இறங்குமா? இறங்கினால் அது கப்பலோடு முடிகிற விஷயம் இல்லை, சர்க்கரை வியாதி மாதிரி, கடன் மாதிரி, பிள்ளைக்கு, பிள்ளையின் பிள்ளைக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். மாரியம்மனுக்கு மஞ்சள் முடிந்தார்கள். தவமணி மட்டும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கொழுந்துக்குப் போய் வந்தாள். ஒருநாள் தேயிலைச் செடி நிரையில் நின்று என்னைக் கேட்டாள்.

"அத்தே, அரையாப் பொறந்தா அது என் தப்பா?"

"எவடி சொன்னா? பேரச் சொல்லு, நாக்கப் புடுங்கறேன்."

"யாரும் சொல்லல. நானே கேட்டேன்."

அவள் முதுகில் கிடந்த சாக்கைக் கழற்றி என் முதுகில் மாட்டிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் குப்புராஜுக்குப் பொறுமை தீர்ந்தது. சன்னாசி மாட்டுகிற சாக்கு அவன் தராசில் ஒரு எடை, ஃபேக்டரித் தராசில் வேறு எடை. நட்டம் அவன் தலையில். இனிமேல் அவரவர் சாக்கை அவரவர்தான் மாட்ட வேண்டும் என்று சட்டம் போட்டான். அப்படியே ஒரு மாதம் ஓடிய பிறகு நான் போனேன்.

"ஏன்யா, இத்தனை நாளா மேல் வீட்டுக்காரங்க மாட்டுனப்ப அரை எடைக்குத்தானே காசு குடுத்தே? ஃபேக்டரில முழு எடை காட்டியிருக்குமே, அந்த மிச்சத்த எங்க வெச்சே?"

"அதெல்லாம் கொழுந்து ஈரத்துக்குப் புடிக்கிற கழிவுல போயிருச்சு, அங்காயி."

"ஆமாமா. உன் வீட்டு மாடியும் ஈரத்துலதான் மொளச்சுதோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கோபப்பட்டான், நான் அதைவிடப் பெரிதாகக் கோபப்பட்டேன். கடைசியில் அவன் தோளில் கிடந்த துண்டை இழுத்து அவன் கையின் மேல் போட்டு, அதற்குள் என் கையை விட்டேன். மாட்டுச் சந்தையில் ஆம்பிளைகள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற வழக்கம். பெண்பிள்ளை கை விடுவதில்லை. குப்புராஜ் கையை இழுக்கப் பார்த்தான், நான் விடவில்லை. நான் கேட்டது விலை இல்லை. எல்லாக் கையும் ஒரே எடை என்று தராசு சொல்லும் வரை யாரும் கொழுந்து பறிக்க மாட்டோம், அதுவரை உன் லாரி சும்மா நிற்கும், சும்மா நிற்கிற லாரியை நான் கேட்கிற அன்றைக்குக் கொடுக்க வேண்டும், இதுதான் நான் பிடித்த விரல்களுக்கு அர்த்தம். அவன் விரலை மடக்கினான். பேரம் முடிந்தது.

ஐப்பசியில், மழைக்கு நடுவே வெயில் அடித்த ஒரு முற்பகலில், தவமணிக்கு சுகாதார நிலையத்தில் பெண் குழந்தை பிறந்தது. காலனி மொத்தமும் வாசலில் நின்றது. அழுகைச் சத்தம் கேட்டதுமே சன்னாசி சொன்னார், "இது முழுச் சத்தம்டா!" உள்ளே எஸ்தர் நர்சம்மா குழந்தையைத் துடைத்து, தொட்டில் துணியில் சுருட்டி, தொங்குகிற தராசில் மாட்டினார். நர்சம்மா உள்ளூர்க்காரர், அவர் கையில் ஒரு கப்பலும் இல்லை. நான் ஊசியைப் பார்த்தேன். அது மெல்ல நகர்ந்தது, நகர்ந்து, போக வேண்டிய தூரத்தில் பாதியில் போய் நின்றது.

தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. கையை முறுக்கி வைத்துக்கொண்டு கத்துகிறது. நர்சம்மா குழந்தையைப் பார்க்கிறார், ஊசியைப் பார்க்கிறார், குழந்தையைப் பார்க்கிறார்.

"நான் என்னம்மா எழுதறது? இந்த எடைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். கண்ணாடிப் பெட்டில வைக்கச் சொல்லுவாங்க."

"இந்தக் குண்டுப் பிள்ளையவா?"

"எனக்குக் கண்ணு இருக்கும்மா. எழுதறது கண்ணு சொல்றத இல்லையே, ஊசி சொல்றதத்தானே."

சன்னாசி சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "தள்ளுங்க, நான் எடுத்து மாட்டறேன். முழுசா வராட்டியும் முக்காலுக்கு மேல கொண்டாந்துருவேன். எழுதிக்கிட்டதும் போய்க்கலாம்." எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. பாக்கியம் கும்பிட்டேவிட்டாள். அப்போது கட்டிலிலிருந்து தவமணி எழுந்து உட்கார்ந்தாள்.

"வேணாம் தாத்தா."

"அட, ஒரு தடவ காட்டுனாப் போதும் ஆத்தா..."

"நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்க. இவ பள்ளிக்கூடத்துல மிஷின்ல ஏறுவா, சந்தையில சாக்கு மாட்டுவா, அப்ப யாரு வந்து தூக்கி மாட்டறது? இரவல் எடை வேணாம். இவளுது இவளுக்கு வரணும்." பிறகு என்னைப் பார்த்தாள். "அத்தே, நீ பேரம் பேசுறவதானே. யார்கிட்டப் பேசணுமோ அவன்கிட்டப் போய்ப் பேசு."

சன்னாசிக்கு மாற்றிக் கொடுத்தவன் செத்துப்போனான். மேகத்துக்காரர்களுக்கு மாற்றிக் கொடுத்தவன் எந்த ஊரில் இருக்கிறானோ தெரியாது. அரிசிக் கடைக்காரர்தான் சொன்னார், நீ வேலையை முடித்துக்கொண்டு அடிவாரத்து ஊரில் வீடு கட்டி, மாதாமாதம் பென்சன் வாங்கிக்கொண்டு, வாசலில் கொய்யா வளர்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று. தவமணிக்கு உடம்பு தேறுகிற வரைக்கும் பொறுத்தோம். நர்சம்மா அதுவரை எடைக் கட்டத்தை எழுதாமல் காலியாகவே விட்டு வைத்தார். கேட்ட டாக்டரிடம் தராசு ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். அப்புறம் குப்புராஜ் சொன்ன சொல்லுக்கு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான், தராசையும் கழற்றாமல் விட்டான், தானே ஓட்டவும் உட்கார்ந்தான். அறுபத்தேழுக் கப்பல் முன்னால், எண்பத்துநாலுக் கப்பல் பின்னால் என்று ஏறப் போனவர்களை நான் கலைத்து விட்டேன். எல்லாரும் கலந்து நின்றார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, ஒருவர் கனத்தை ஒருவர் தாங்கிக்கொண்டு, காலை வெயிலில் இறங்கி வந்தோம்.

இதோ, உன் வாசலில் நிற்கிறோம். இவ்வளவு நேரமாக நான் பேசியது உன் கதவுக்கு இல்லை, கதவுக்குப் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறாயே, உனக்கு. உன் தெருவே கூடிவிட்டது. உன் எதிர்வீட்டுக்காரர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். உன் வீட்டம்மா வெளியே வந்து, "அவர் தூங்குறார், யார் நீங்க?" என்று கேட்டார். நாங்கள் சொன்னோம். கேட்டுவிட்டு அந்த அம்மா கையை நீட்டினார், தவமணி குழந்தையைக் கொடுத்தாள். வாங்கிய வேகத்தில் அந்த அம்மாவுக்குக் கை தாழ்ந்தது.

"அடி அம்மா! என்ன கனம் கனக்குறா!"

கேட்டதா உனக்கு? உன் சோற்றை ஆக்கிய கை சொன்னது. தராசைவிட, தந்தியைவிட, நீ ஒட்டிய சீட்டைவிட அந்தக் கைக்குத் தெரிகிறது. வீரமலை உன் மேல் கோபமாக இல்லை என்கிறான். அவனை விடு, அவன் கதை அப்படி. மேகத்துக்காரர்களுக்கு ஆள் தேடி நான் இன்னொரு நாள் போவேன். சன்னாசிக்குக் கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்கிறார், இந்த வயதில் அவ்வளவு எடையைச் சுமக்க முடியவில்லையாம். உன்னிடம் நான் பணம் கேட்கவில்லை. அந்தப் பணத்தில் வாங்க வேண்டியிருந்த ஆடு, கறவை, ஓட்டுவீடு எதுவும் கேட்கவில்லை. என் தம்பி தள்ளினான், நீ தொட்டாய். தொட்ட விலையைச் சொல், அவ்வளவுதான்.

உன் கொய்யாக் கிளையில் தராசைக் கட்டியாகிவிட்டது. கிளை தாங்கும், குப்புராஜ் தொங்கிப் பார்த்துவிட்டான். சட்டையைத் தேடாதே, இருக்கிற கோலத்தில் வா. வந்து, உன் வீட்டம்மா கையிலிருந்து இந்தப் பிள்ளையை வாங்கு. அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, எடை தெரிந்த பிறகு வைப்பதாக இருக்கிறாள் தவமணி. இந்தத் தெரு கேட்கச் சரிக்குச் சரி என்று உன் வாயால் சொல், சொல்லிக்கொண்டே உன் கையால் அவளைக் கொக்கியில் மாட்டு. நாங்கள் எல்லாரும் ஊசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வா வெளியே.